சி டிரைவ் சிவப்பாகிவிட்டது: எந்த இலவச க்ளீனரை நம்பிப் போடலாம்?

கீழவீதி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5 லேப்டாப். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10 ஹோம். பையனின் ஆன்லைன் வகுப்பு, என் டியூஷன் வினாத்தாள், அவருடைய ஆபீஸ் எக்செல் எல்லாம் இதில்தான். சி டிரைவ் பட்டை சிவப்பாகி மாதக்கணக்காகிறது. சர்வீஸுக்குக் கொடுத்த கடையில் ஒரு "பூஸ்டர்" போட்டுக் கொடுத்தார்கள். திறந்தால் ஆயிரத்துச் சொச்சம் பிழை என்று சிவப்பில் மிரட்டுகிறது. "சரிசெய்" என்பதை அழுத்தினால் பணம் கட்டச் சொல்கிறது. அதை எடுத்துவிட்டு உருப்படியாக ஒரு இலவச க்ளீனர் போடலாம் என்று தேடினால் "சிறந்த 10" பட்டியல்களாக வந்து விழுகின்றன, பட்டியலுக்குப் பட்டியல் முதலிடம் வேறு. நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள், எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்?

மின்விசிறி:
சிக்ளீனர் போடுங்க மேடம், கண்ணை மூடிக்கிட்டு. எக்ஸ்பி காலத்துலேர்ந்து எங்க வீட்டு மெஷின் எல்லாத்துலயும் அதுதான். வாரம் ஒரு தடவை ஓட்டிவிட்டா போதும், விண்டோஸ் தன்னோட அமைப்புகளை எழுதி வெச்சிருக்கற ரிஜிஸ்ட்ரியையும் சேர்த்து சுத்தம் பண்ணிடும்.

தகரப்பெட்டி:
டீச்சர், க்ளீனர் பேச்சுக்கு முன்னால் அந்தப் பூஸ்டரை இன்றைக்கே தூக்குங்கள். சோதனை இலவசம், சரிசெய்யப் பணம் என்று வருகிற எதையும் நான் இரண்டாம் முறை திறந்து பார்ப்பதில்லை. இப்படிப் பயமுறுத்திக் காசு கேட்கும் நிரல்களை வேண்டாத மென்பொருளாகக் கணக்கில் எடுத்து விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் நீக்கும் என்று மைக்ரோசாஃப்டே அறிவித்து, 2018 மார்ச் 1 முதல் நடைமுறைக்கும் கொண்டுவந்தது.

அந்த ஆயிரத்துச் சொச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ என்ற பெரிய கடைச் சங்கிலி "பிசி ஹெல்த் செக்" என்று கணினிகளுக்கு இலவசச் சோதனை செய்து கொடுத்தது. ஆரம்பத்தில் நாலு கேள்வி: மெதுவாக ஓடுகிறதா, பாப்அப் வருகிறதா, வைரஸ் எச்சரிக்கை வந்ததா, அடிக்கடி நின்றுபோகிறதா. இதில் ஏதாவது ஒன்றுக்கு டிக் விழுந்தால் போதும். ஸ்கேனில் எதுவுமே சிக்காவிட்டாலும் கடைசியில் "தீம்பொருள் அறிகுறி உண்டு" என்று முடிவு வந்துவிடும். அதைக் காட்டித்தான் ரிப்பேர் விற்றார்கள். அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் பிடித்தபோது, 2019-ல், கடையும் மென்பொருளைக் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன. திரையில் பட்டை நகர்வதற்கு முன்பே பதில் முடிவாகியிருந்தது என்பது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது.

என் அளவுகோலைச் சொல்கிறேன். இலவசக் கருவிகளில் காட்டுகிறவை ஒரு ரகம், தானே செய்கிறவை இன்னொரு ரகம். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது, எது தானாகத் தொடங்குகிறது, வட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்பவற்றில் அருமையான இலவசக் கருவிகள் நிறைய உண்டு. காட்டியது தப்பாக இருந்தாலும் பெரிய நஷ்டமில்லை, முடிவு நம் கையில்தான் இருக்கிறது. ஒரே சொடுக்கில் எல்லாம் செய்துவிடுகிறேன் என்பவற்றுக்குத்தான் முழு அனுமதியும் தேவைப்படுகிறது, நிரந்தரமாகப் பின்னணியில் உட்காரவும் வேண்டியிருக்கிறது. குப்பை அள்ள வந்தவரிடம் பீரோ சாவியைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போவது போலத்தான்.

ரிஜிஸ்ட்ரி சுத்தம் பற்றி மின்விசிறி சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கிடக்கும் பழைய பதிவுகள் எல்லாம் சேர்ந்தாலும் இடக் கணக்கில் சில்லறை. எடுத்தால் வேகம் கூடாது. எடுக்கக்கூடாத ஒன்று போய்விட்டால் விண்டோஸையே திரும்பப் போட வேண்டிவரலாம். ரிஜிஸ்ட்ரி க்ளீனர்களுக்கு எங்கள் ஆதரவு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது.

மின்விசிறி:
சார், வழக்கு கதை எல்லாம் சரி. நான் சொன்னது ஊர் பேர் தெரியாத பூஸ்டர் இல்ல, சிக்ளீனர். கோடிக்கணக்கான பேர் வெச்சிருக்காங்க. எனக்கு இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல.

நெய்தல்:
ஒன்றும் ஆகாதது நல்ல விஷயம்தான். ஆனால் அதே சிக்ளீனர் கதையை முழுசாகத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் வீட்டு உபயோகக் கருவிகளைப் பற்றி நாம் நம்புகிற பாதி விஷயம் அதில் அடிபட்டுப்போகும்.

2017 ஆகஸ்ட் 15 அன்று வெளியான 5.33 பதிப்பின் 32-பிட் கோப்புக்குள் தீம்பொருள் இருந்தது. போலித் தளத்திலிருந்து வந்தது அல்ல. தயாரிப்பாளரின் சொந்தச் சர்வரிலிருந்து, தயாரிப்பாளரின் செல்லுபடியாகும் டிஜிட்டல் கையொப்பத்தோடு இறங்கியது. செப்டம்பர் 18 அன்று விஷயம் வெளியே வருவதற்குள் சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்குப் போய்விட்டது. தாக்கியவர்கள் குறிவைத்தது வீட்டுக் கணினிகளை அல்ல, பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களை. அடுத்த கட்டத் தீம்பொருள் 40 கணினிகளுக்குத்தான் போனது. உங்களுக்கு ஒன்றும் ஆகாததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். அவர்கள் உள்ளே நுழைந்தது அந்த வருடம் மார்ச்சில், ஒரு டெவலப்பரின் கணினியில் இருந்த, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் டீம்வியூவர் வழியாக. ஜூலையில் சிக்ளீனரின் தயாரிப்பாளரான பிரிஃபார்ம் நிறுவனத்தை வாங்கிய ஆன்டிவைரஸ் நிறுவனம் அவாஸ்ட், உள்ளே திருடன் இருப்பது தெரியாமலே வாங்கியிருந்தது.

அடுத்த வருடம் 5.45 பதிப்பு வந்தது. பின்னணிக் கண்காணிப்பை அணைத்தாலும் அது தானே திரும்ப முளைத்தது. பயனர்கள் கொதித்துப்போய் எழுதிய பிறகு, அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்று 5.44-ஐ மீண்டும் வைத்தார்கள். 2020-ல் கூடுதல் மென்பொருள்களைச் சேர்த்துத் தருவதற்காக அதன் இலவச இன்ஸ்டாலரை டிஃபெண்டரே வேண்டாத நிரல் பட்டியலில் போட்டது.

சும்மாஒருவன்:
அவாஸ்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. இலவச ஆன்டிவைரஸ் வழியாக வந்த உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலமாக விற்றது அவர்கள்தானே?

நெய்தல்:
அவர்கள்தான். 2020 ஜனவரியில் செய்தி வெளியானதும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-ல் அதே அமெரிக்க வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டவைத்து, விளம்பரத்துக்காக உலாவல் தரவை விற்கவும் தடை போட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். 2022-ல் அவாஸ்டும் நார்ட்டனும் இணைந்து ஜென் டிஜிட்டல் ஆகிவிட்டன. நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, சிக்ளீனர் எல்லாம் இப்போது ஒரே கூரைக்குக் கீழே. கீழவீதி பார்த்த "சிறந்த 10" பட்டியலில் நான்கைந்து போட்டியாளர்கள் போலத் தெரிவது ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம்.

சும்மாஒருவன்:
அப்படியானால் திறந்த மூலம் மட்டும் போடுங்கள், தொல்லை தீர்ந்தது. சுத்தம் செய்ய ப்ளீச்பிட் இருக்கிறது, ஜிப் கோப்புகளைப் பிரிக்க 7-ஜிப் இருக்கிறது. மூல நிரலை யாரும் பார்க்கலாம்.

தகரப்பெட்டி:
பார்க்கலாம் தம்பி, யார் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தில் பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) வைத்தது வெளியானதே, அது திறந்த மூலம்தான். இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்லபிள்ளையாகப் பங்களித்துப் பொறுப்பைக் கையில் வாங்கிக்கொண்ட ஒருவர் வைத்தது. தொலைக் கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவது ஏன் என்று ஒரு பொறியாளர் நோண்டப்போய்த்தான் சிக்கியது. திறந்த மூலத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன், கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன்.

ப்ளீச்பிட் நல்ல கருவி. ஆனால் அதுவும் செய்கிற ரகம். காலியிடத்தை அழித்தெழுதும் பெட்டியில் தெரியாமல் டிக் போட்டுவிட்டு எஸ்எஸ்டியை இரவு முழுக்க எழுதவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

7-ஜிப்பும் நல்லதுதான், ஆனால் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது. அதே வேலைக்கான வின்ரார் கதையும் அதே. அதில் ஏஸ் வகைக் கோப்புகளைப் பிரிக்கும் ஒரு பழைய டிஎல்எல்லில் (துணை நிரல் கோப்பில்) 19 வருடமாகக் கிடந்த ஓட்டையை 2019-ல் செக் பாயின்ட் நிறுவனத்தார் வெளியே சொன்னார்கள். திருத்திய பதிப்பு வந்தது. பழையதை ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துபோன வீடுகளுக்கு அது தானாக வந்து சேராது. இலவசக் கருவி எதைப் போட்டாலும் "இதை யார் புதுப்பிப்பார்?" என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பதில் "நான்" என்றால், புதுப்பிக்க உங்களுக்கு நேரம் இருக்கிற அளவுக்கு மட்டும் கருவிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

வடலி:
அக்கா, நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். க்ளீனர் கதையை விடுங்கோ, முதல்ல வட்டு சுகமா இருக்கோ எண்டு பாருங்கோ. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ எண்டொரு ஜப்பான்காரற்ற கருவி, திறந்த மூலம், இலவசம். ஜிப்பா வாற போர்ட்டபிள் பதிப்பை எடுத்தா இன்ஸ்டால் பண்ணவே தேவையில்லை. எஸ்எஸ்டி எண்டா ஆரோக்கியம் எத்தனை வீதம் எண்டு காட்டும். பழைய ஹார்ட் டிஸ்க் எண்டா பழுதான பகுதிகளைக் காட்டுற 05, சி5, சி6 எண்ட மூண்டு வரியையும் பாருங்கோ. அதுகளில பூச்சியம் இல்லாமல் எண் ஏறிக்கொண்டு போனா சுத்தம் செய்யிற வேலையை விட்டிட்டு உடன படங்களை வேற இடத்துக்கு எடுக்கோணும்.

கோப்பு தேடுறதுக்கு நான் கனகாலமா எவ்ரிதிங் பாவிக்கிறன். அது ஒவ்வொரு ஃபோல்டரா ஏறி இறங்காமல் எந்தக் கோப்பு வட்டில எங்க இருக்கெண்டு விண்டோஸ் வைச்சிருக்கிற அட்டவணையை, அதாவது என்டிஎஃப்எஸ்ஸின்ர மாஸ்டர் ஃபைல் டேபிளை, நேரா வாசிக்குது. அதுதான் பேரை அடிச்சு முடிக்கமுன்னம் விடை வருது. உள்ளடக்கத்தில தேடுறது மட்டும் அவ்வளவு வேகமாச் செய்யேலாது.

கீழவீதி:
பூஸ்டரை எடுத்துவிட்டேன். எடுக்கும்போதும் "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, உறுதியாகவா?" என்று கேட்டது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ 91% "நன்று" என்கிறது. அடுத்து இடம் எங்கே போயிற்று என்று பார்க்க எது?

தகரப்பெட்டி:
விஸ்ட்ரீ. அதுவும் அந்த மாஸ்டர் ஃபைல் டேபிளை வாசிக்கிற ஜாதி. முழு எஸ்எஸ்டியையும் சில விநாடியில் பெரியது முதல் சிறியது வரை வரிசைப்படுத்திவிடும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். இதையும் போர்ட்டபிளாகவே எடுங்கள். பெரிய கட்டங்கள் எவை என்று இங்கே எழுதுங்கள், எதையும் அழிக்காதீர்கள்.

நெய்தல்:
இறக்குவது தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இருக்கட்டும். தேடலில் முதலில் வருவது பல நேரம் விளம்பரம், அதைத் தொடாதீர்கள். பெரிய டவுன்லோட் தளம் என்பதாலும் நம்பிவிட வேண்டாம். 2011-ல் டவுன்லோட்.காம், என்மேப் போன்ற இலவச மென்பொருள்களைத் தன் சொந்த இன்ஸ்டாலரில் சுற்றி, கூடவே டூல்பாரையும் திணித்தது. 2015-ல் சோர்ஸ்ஃபோர்ஜ், ஜிம்ப் என்ற பட மென்பொருளின் விண்டோஸ் பதிப்புக்கு அதையே செய்து பேரைக் கெடுத்துக்கொண்டது. 2016-ல் நிர்வாகம் கைமாறிய பிறகுதான் அந்தப் பழக்கத்தை விட்டார்கள்.

புதிதாக ஒரு கருவியைச் சோதிக்க நான் செய்வது இது. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஆட்டோரன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கிய தொகுப்பு, 2006-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, இன்றும் இலவசம். கணினியில் தானாகத் தொடங்குகிற அத்தனையையும் அது காட்டும்: ஸ்டார்ட்அப், சர்வீஸ், டாஸ்க் ஷெட்யூலர், வலது சொடுக்கு மெனு என்று எல்லாம். கருவியைப் போடுவதற்கு முன் ஆட்டோரன்ஸில் ஒரு பதிவைச் சேமித்துக்கொள்வேன். போட்ட பிறகு அதோடு ஒப்பிடுவேன். கோப்பு அளவு காட்டும் கருவிக்கு இரண்டு சர்வீஸும் மூன்று ஷெட்யூல் வேலையும் எதற்கு? அப்படி இருந்தால் அங்கேயே விடைகொடுத்துவிடுவேன். நீக்கிய பிறகும் ஒருமுறை ஒப்பிடுங்கள். எது மிச்சம் வைத்துவிட்டுப் போகிறது என்பதில் ஒரு தயாரிப்பாளரின் குணம் தெரிந்துவிடும்.

சந்தேகமான இன்ஸ்டாலரை, பல ஆன்டிவைரஸ் என்ஜின்களால் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கலாம். எழுபது என்ஜின்களில் ஒன்றிரண்டு மட்டும் சிவப்பு காட்டினால் பெரும்பாலும் தவறான எச்சரிக்கை. பத்துக்கு மேல் போனால் யோசிக்க வேண்டாம். சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றுகிற கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும் போகும். விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் (தனிமைப்படுத்திச் சோதிக்கும் இடம்) இருந்தால் இன்னும் வசதி, ஆனால் உங்களுடையது ஹோம் பதிப்பு, அதில் கிடையாது.

கீழவீதி:
பார்த்தேன். வாயடைத்துப்போனேன்.

பெரியது, யூசர்ஸ் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டாவில் ரோமிங், அதற்குள் ஆப்பிள் கம்ப்யூட்டர், அதற்குள் மொபைல்சிங்க் பேக்கப்: 74 ஜிபி. அடுத்தது டாக்குமென்ட்ஸில் ஸூம் ஃபோல்டர்: 38 ஜிபி. விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று 11 ஜிபி. ஹைபர்ஃபில் என்ற கோப்பு 3 ஜிபி சொச்சம். அந்தப் பூஸ்டர் "குப்பை" என்று சொன்னதெல்லாம் சேர்ந்தே 1 ஜிபிக்குக் கீழ்தான்!

தகரப்பெட்டி:
பாருங்கள், இதைத்தான் எந்த க்ளீனரும் தொடாது. அதற்கு இவையெல்லாம் உங்கள் சொத்து, குப்பை அல்ல. தொடக்கூடாது என்பதும் சரிதான்.

74 ஜிபி, யாரோ ஐபோனை ஐட்யூன்ஸில் இணைத்தபோது எடுத்த பேக்கப். கோப்பாகப் போய் அழிக்காமல், ஐட்யூன்ஸைத் திறந்து ப்ரிஃபரன்ஸஸ், டிவைசஸ் பகுதியில் எந்த ஃபோன், எந்தத் தேதி என்று பார்த்து அழியுங்கள். அந்த ஃபோன் இப்போது இல்லை என்றால், அதில் இருந்த படங்கள் வேறு எங்காவது இருக்கின்றனவா என்று வீட்டில் கேட்டுவிட்டு. ஸூம் வகுப்புப் பதிவுகளை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

விண்டோஸ் தன் பாகங்களைச் சேமித்து வைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் பக்கம் கையே வைக்காதீர்கள். அதிலிருக்கும் கோப்புகளில் பல, விண்டோஸின் மற்ற ஃபோல்டர்களிலும் ஹார்ட் லிங்க்காக (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயராக) இருப்பவை. இரண்டு இடத்தில் எண்ணப்படுவதால் உண்மையில் பிடிக்கும் இடத்தைவிடப் பெரிதாகக் காட்டும். ஹைபர்ஃபில், ராமில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்நேட்டுக்கானது, ராமில் ஏறக்குறைய 40%. அதை அணைத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும். 3 ஜிபிக்காக அதைச் செய்ய வேண்டியதில்லை என்பேன்.

மிச்சச் சில்லறைக்கு விண்டோஸிலேயே வழி இருக்கிறது: செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். அந்தப் பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் மட்டும் டிக் போட்டுவிடாதீர்கள்.

மின்விசிறி:
சிக்ளீனர்ல கூட டிஸ்க் அனலைசர் இருக்கு, அதுலயும் பெரிய ஃபைல் பாக்கலாம்னு சொல்லி வெக்கிறேன். ஆனா 74 ஜிபி பேக்கப் அதோட க்ளீனர் பக்கத்துல வந்திருக்காதுங்கறது உண்மை. ஒத்துக்கறேன்.

வடலி:
அழிக்கமுன்னம் ஒண்டு. எஸ்எஸ்டியில அழிச்சா அழிச்சதுதான். அழிச்ச இடத்தைத் துடைக்கச் சொல்லி விண்டோஸ் ட்ரிம் கட்டளை அனுப்பிப்போடும், பிறகு ரெக்கூவா, ஃபோட்டோரெக் மாதிரி மீட்புக் கருவி எதைப் போட்டும் எடுக்கேலாது. பழைய ஹார்ட் டிஸ்க் காலத்து நம்பிக்கையில இருக்காதேங்கோ. வடிவாப் பார்த்துப்போட்டு அழியுங்கோ அக்கா.

கீழவீதி:
அந்த ஐபோன் அவருடைய பழையது, படங்கள் எல்லாம் கூகுளில் இருக்கின்றனவாம். அழித்தாயிற்று. ஸூம் பதிவுகளையும் மாற்றிவிட்டேன். 112 ஜிபி திரும்பி வந்துவிட்டது, பட்டை நீலமாகிவிட்டது. எல்லோருக்கும் மிக்க நன்றி.

இரண்டு கேள்வி மிச்சம். விஸ்ட்ரீ வீட்டு உபயோகத்துக்கு இலவசம் என்று போட்டிருக்கிறது. நான் காசு வாங்கி டியூஷன் எடுக்கிறேன், அது வணிகமா? இன்னொன்று, தமிழ் தட்டச்சுக்கு என்எச்எம் ரைட்டர் பல வருடமாக இருக்கிறது. அதை வைத்துக்கொள்ளலாமா?

சும்மாஒருவன்:
டியூஷன் வணிகம்தான் என்று கறாராகப் பார்த்தால் சொல்லலாம். வீட்டு லேப்டாப்பில் ஒரு தடவை ஓட்டியதற்கு யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

நெய்தல்:
யாரும் கேட்க மாட்டார்கள் என்பதற்காக மீறச் சொல்ல மாட்டேன், மாற்று இருக்கும்போது. அதே வேலையைச் செய்யும் வின்டிர்ஸ்டாட் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருகிறது, வீடு, கடை, டியூஷன் என்ற பேதமே இல்லை. பல வருடம் 1.1.2 பதிப்பிலேயே தூங்கிக்கொண்டிருந்தது, இப்போது 2-ஆம் வரிசை வந்து வேகமும் தேறியிருக்கிறது. வீட்டுக்கு மட்டும் இலவசம் என்பவற்றில் இன்னொரு சங்கடம், அது எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். பேக்கப்புக்கு எல்லோரும் சிபாரிசு செய்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தோடு ஓய்ந்துவிட்டது.

தகரப்பெட்டி:
தட்டச்சுக் கருவி நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கிறது, வங்கிக் கடவுச்சொல் உட்பட. ஆகவே க்ளீனரைவிட அதற்குத்தான் கெடுபிடி அதிகம் வேண்டும். என்எச்எம் ரைட்டரைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை, நானே வருடக்கணக்கில் அதில்தான் எழுதினேன். புதுப்பிப்பு நின்றுபோனதால் மாறினேன். கீமேன் என்ற தட்டச்சுக் கருவி இப்போது திறந்த மூலம், இலவசம். விண்டோஸ் மொழி அமைப்பிலேயே தமிழைச் சேர்த்தால் ஒலியியல் விசைப்பலகையும் கிடைக்கும், தனியாக எதுவும் போட வேண்டாம். எதுவானாலும் யாரோ பென் டிரைவில் கொடுத்த இன்ஸ்டாலரிலிருந்து போடாதீர்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது என்பது தெரிந்திருக்கும். ஏழாம் தலைமுறை ஐ5-க்கு 11 முறைப்படி கிடைக்காது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேரும் இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைப்புகளைச் சிங்க் செய்தால் கட்டணமில்லை, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். சேர்ந்திருக்கிறீர்களா?

கீழவீதி:
இல்லை சார், அந்த அறிவிப்பு வந்தபோது இதுவும் பூஸ்டர் மாதிரி ஏதோ என்று மூடிவிட்டேன். இப்போதே பார்க்கிறேன்.

மின்விசிறி:
மேடம், சிங்க் ஆன் பண்றதுக்கு முன்னாடி மைக்ரோசாஃப்ட்டோட இணையச் சேமிப்பான ஒன்டிரைவ்ல எந்த ஃபோல்டர் எல்லாம் போகுதுன்னு பாத்துக்குங்க. இலவச இடம் 5 ஜிபிதான். டாக்குமென்ட்ஸ் முழுசையும் ஏத்த ஆரம்பிச்சுதுன்னா நிரம்பிடும், அப்புறம் இடம் வாங்குன்னு அது ஒரு பக்கம் கேக்க ஆரம்பிக்கும். சேர்றதுக்கு செட்டிங்ஸ் சிங்க் மட்டும் போதும், ஃபோல்டர் பேக்கப்பை அணைச்சே வெச்சுக்கலாம்.